செல்வபுரத்து வாசலில் ஒரு கடல் இன்ஜின்

பாம்பனிலிருந்து கிளம்பிய குட்டியானை, ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிகாலை நாலரை மணிக்குக் கோவை செல்வபுரத்தில் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றது. பின்னால் தார்ப்பாய் போட்டுக் கட்டிய ஏதோ ஒன்று. வாசல் தெளிக்க வந்த எதிர்வீட்டு அக்கா மூக்கைச் சுருக்கிக்கொண்டு, "என்ன கண்ணு, மீன் வண்டியா?" என்று கேட்டார்.

வாசம் அப்படித்தான் இருந்தது. ஆனால், வந்தது மீன் இல்லை. மீன் பிடிக்கப் போகும் படகின் இன்ஜின்.

கோயம்புத்தூர்க்காரர்களுக்குப் படகு என்றால் என்ன தெரியும்? வாலாங்குளத்துப் படகு சவாரி. பவானிப் பக்கம் போனால் பரிசல். அவ்வளவுதான். கடலைப் பார்க்க வேண்டுமானால் கிழக்கேயோ மேற்கேயோ மணிக்கணக்கில் பஸ்ஸில் உட்கார வேண்டும். அப்படிப்பட்ட ஊருக்கு முந்நூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேல் கடந்து ஓர் இன்ஜின் வைத்தியத்துக்கு வந்திருக்கிறதென்றால், காரணம் இரண்டு. ஒன்று, இந்த ஊர். இன்னொன்று, என் அப்பா.

அப்பாவுக்கு 72 வயது. நாற்பது வருஷம் தோட்டம் தோட்டமாகப் போய் ஆயில் இன்ஜினும் பம்ப்செட்டும் பழுது பார்த்தவர். இப்போது முழங்கால் வலி. வலது கையில் லேசான நடுக்கம். இரண்டு வருஷம் முன்பு அம்மா போன பிறகு, கட்டிலுக்கடியில் இருக்கும் தகர டூல்ஸ் பெட்டியை அவர் திறக்கவே இல்லை.

இன்ஜினோடு வந்தவர் என் அண்ணனுடன் பாலிடெக்னிக்கில் படித்தவர். அப்பாவை 'அப்பா' என்றேதான் கூப்பிடுவார். கார்த்திகை மாத வாடைக்காற்றில், கட்டிப்போட்டிருந்த அவருடைய நாட்டுப்படகு மூழ்கிவிட்டது. இரண்டு நாள் கழித்துத்தான் தூக்க முடிந்தது. அந்த நேரம் பார்த்து அவருடைய தகப்பனாருக்கு ஆஸ்பத்திரி. இன்ஜின் கரையில் அப்படியே கிடந்தது. உப்புத் தண்ணீர் உள்ளே போய் இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது.

"பழைய இரும்புக்குப் போடச் சொல்றாங்கப்பா. புதுசு வாங்க வழியில்ல. அம்மா சங்கிலி ஏற்கெனவே அடகுல இருக்கு" என்றார். பிறகு தயங்கி, "ஏப்ரல் பதினஞ்சுக்குள்ள ஓடணும்" என்றார்.

அந்தத் தேதிக்கு ஓர் அர்த்தம் இருக்கிறது. தமிழகத்தின் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். முன்பு 45 நாளாக இருந்தது, 2017 முதல் 61 நாள். மீன்கள் இனப்பெருக்கம் செய்வதற்காக விசைப்படகுகள் கரையில் நிற்கும். நாட்டுப்படகுகளுக்குத் தடையில்லை. பெரிய படகுகள் போகாததால் சந்தையில் மீனுக்கு நல்ல விலை கிடைக்கும். சின்னப் படகு வைத்திருப்பவருக்கு அந்த இரண்டு மாதம்தான் அறுவடை. அதை விட்டால் ஒரு வருஷம் போச்சு.

அன்று பிப்ரவரி கடைசி ஞாயிறு. கையில் சில வாரங்கள்தான்.

அப்பா இன்ஜினை மூன்று சுற்று சுற்றி வந்தார். நகத்தால் வெள்ளையாகப் பூத்திருந்ததைச் சுரண்டி நாக்கில் வைத்துப் பார்த்தார். "உப்புல ஊறப்போட்ட மாங்காயாட்டப் பண்ணிப்போட்டீங்களே தம்பி" என்றார். பிறகு பிளைவீலில் கைவைத்துக் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு என்னைப் பார்த்தார். "அம்மிணி, இது வேற யாருமில்ல. நம்ம கெணத்து இன்ஜினோட தம்பி. பெட்டிய எடு."

கிணற்றிலிருந்து கடலுக்கு

அப்பா சொன்னது உண்மை. படகில் இரண்டு வகை இன்ஜின் உண்டு. பின்புறம் வெளியே தொங்குவது ஒன்று. படகின் வயிற்றுக்குள்ளேயே உட்கார்ந்து, நீண்ட இரும்புத் தண்டு வழியாக அடியில் இருக்கும் புரொப்பல்லரைச் சுற்றுவது இன்னொன்று, இதுதான் இன்போர்டு. எங்கள் வாசலுக்கு வந்தது, பத்துக் குதிரைத்திறன் கொண்ட ஒற்றை சிலிண்டர் டீசல் இன்போர்டு. இதே உடம்பில் பம்பை மாட்டினால் கிணற்று இன்ஜின். கியர்பாக்ஸும் தண்டும் மாட்டினால் படகு இன்ஜின்.

கொங்கு நாட்டுக்காரர்களுக்கு இந்த இன்ஜின் பழக்கமானதற்கு வானமும் பூமியும் காரணம். மேற்குத் தொடர்ச்சி மலையின் மறைவில் இருப்பதால் இங்கே மழை குறைவு. பாறையை வெட்டி ஆழக் கிணறு தோண்டினால்தான் பயிர். மாடு பூட்டிக் கவலை ஓட்டித் தண்ணீர் இறைத்த காலம் போய், ஆயில் இன்ஜின் வந்தது. 1932-ல் நீலகிரியின் பைக்காராவிலிருந்து மின்சாரம் வந்த பிறகு மின் மோட்டார் பரவியது. ஆனாலும் கம்பி எட்டாத தோட்டங்களில் ரொம்ப நாளைக்கு இன்ஜின் சத்தம்தான். அந்தச் சத்தம் நின்றுபோனால் வாழையும் மஞ்சளும் காயும். அப்போது ஆள் அனுப்புவது அப்பா மாதிரி ஒருவருக்கு.

முதலில் பொறுமை, பிறகு ஸ்பேனர்

எங்கள் வீட்டு முன்வாசல் பத்துக்கு எட்டு அடி. அதில் நாலு மரக்கட்டைகள் போட்டு இன்ஜினை இறக்கினோம். பிளைவீல் அசையவே இல்லை. சிலிண்டருக்குள் பிஸ்டன் துருவில் ஒட்டிக்கொண்டிருந்தது.

அவசரக்காரர்கள் இங்கேதான் சுத்தியலை எடுப்பார்கள். அப்பா டீசலையும் மண்ணெண்ணெயையும் கலந்து, இன்ஜெக்டர் மாட்டும் ஓட்டை வழியாக ஊற்றினார். தினமும் காலை டீ குடித்ததும் பிளைவீலைப் பிடித்து முன்னும் பின்னும் அசைத்துப் பார்ப்பார். கொஞ்சம் ஊற்றுவார். உள்ளே போய்ப் பேப்பர் படிப்பார். எனக்குத்தான் நாட்கள் ஓடுவது வயிற்றைக் கலக்கியது.

"ஒட்டுன துரு எளகறதுக்கு நேரம் குடுக்கோணும் கண்ணு. இடிச்சா பிஸ்டனும் போகும், லைனரும் போகும், கிராங்கும் கோணும்."

ஒன்பதாம் நாள் காலை ஒரு விரல்கடை அசைந்தது. "அம்மிணீ!" என்று அவர் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு அக்கா ஓடிவந்துவிட்டார்.

அதன் பிறகு கழற்றும் வேலை. இதில் வீட்டு மெக்கானிக்குகள் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. ஒவ்வொன்றையும் கழற்றும் முன் செல்போனில் படம் எடுத்தேன். வால்வு, ஸ்பிரிங், லாக் என்று சின்னச் சின்னச் சாமான்கள் இடம் மாறாமலிருக்க, அம்மாவின் பழைய இட்லித் தட்டில் குழிக்கு ஒன்றாக வைத்தோம். கனெக்டிங் ராடும் அதன் மூடியும் ஒரு ஜோடி. மூடியைத் திருப்பிப் போட்டால் பேரிங் போய்விடும். அதனால் இரண்டிலும் பஞ்ச் அடித்துப் புள்ளி வைத்தார். டைமிங் கியர்களின் பல்லில் இருக்கும் அடையாளம் துருவில் மங்கியிருந்தது. என் வெள்ளை நெயில் பாலிஷை வாங்கி அதன்மேல் வைத்தார். எந்தப் பல் எந்தப் பல்லோடு சேர வேண்டும் என்பதில் ஒரு பல் தவறினாலும் வால்வு திறக்கும் நேரமே மாறிவிடும்.

அடியில் இருக்கும் சம்பைத் திறந்தபோது ஆயில் இல்லை. ஆயிலும் உப்புத் தண்ணீரும் கலந்து மோர்க்குழம்பு மாதிரி ஒன்று இருந்தது. அப்பா முகம் அப்போதுதான் மாறியது. கிராங்க்கைத் துடைத்து மைக்ரோமீட்டர் வைத்து அளந்தார். கனெக்டிங் ராடு உட்காரும் இடத்தில் துரு தின்ற சின்னச் சின்னக் குழிகள்.

"இது வீட்டு வேலையில்ல. ஊருக்குள்ள போகோணும்."

ஸ்கூட்டரில் ஓர் ஊர்வலம்

கிராங்க்கைப் பழைய வேட்டியில் சுற்றி ஸ்கூட்டரில் காலுக்கிடையில் வைத்துக்கொண்டேன். அப்பா பின்னால். செல்வபுரத்திலிருந்து உக்கடம் மேம்பாலத்தின் கீழே நுழைந்து, ஊரின் மறுகோடிக்குப் போக வேண்டும்.

எங்கள் தெருவில் பொற்கொல்லர்கள் அதிகம். ஒரு மில்லிகிராம் தங்கத்துக்குக் கணக்குப் பார்ப்பவர்கள். அப்பாவின் கணக்கு 'தௌ'. ஓர் அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு. நம் தலைமுடியின் கனம் ஏறக்குறைய மூன்று தௌ. கணபதியில் இருக்கும் கிரைண்டிங் பட்டறையில் கிராங்க்கைக் கொடுத்தபோது அவர்கள் பேசிக்கொண்டது முழுக்க இந்த பாஷைதான். பத்து தௌ தேய்த்தும் குழி போகவில்லை. இருபது தௌ எடுத்ததும் கண்ணாடி மாதிரி ஆனது. எவ்வளவு தேய்க்கிறோமோ அவ்வளவு கனம் கூடிய பேரிங்கை வாங்கிப் போட வேண்டும். பத்து, இருபது என்று அளவு வாரியாகவே கடையில் கிடைக்கும்.

சொல்லும்போது இப்படி ஒரு வரியில் முடிந்துவிட்டது. பட்டறைக்காரர் "நாளைக்கு" என்று சொன்ன நாளைக்கு வந்து சேர எட்டு நாள் ஆயிற்று. கையில் பெரிய ஆர்டர் வைத்திருப்பவருக்கு ஒற்றைக் கிராங்க் ஒரு பொருட்டா? மூன்றாவது முறை போனபோது அப்பா பட்டறை வாசலிலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டார். கோபமாக ஒன்றும் பேசவில்லை. "மீன் பிடிக்கிற பையனுதுங். பதினஞ்சாந்தேதிக்குள்ள கடல்ல எறக்கோணும்" என்றார். அன்று மாலையே மிஷினில் ஏற்றிவிட்டார்கள்.

அந்த எட்டு நாளும் வீணாகவில்லை. ஆவாரம்பாளையத்துச் சந்துகளில் சுற்றினோம். ஒரு ஷெட்டில் லேத், அடுத்ததில் மில்லிங், அதற்கடுத்ததில் பம்ப்புக்கு இம்பெல்லர். கடல் தண்ணீரை இழுக்கும் பம்ப்பின் புஷ் தேய்ந்திருந்தது. லேத்காரர் கன்மெட்டல் துண்டில் புதிதாகக் கடைந்து கொடுத்தார். எதற்கு என்று தெரிந்ததும், "கடலுக்கா போகுதுங்? நான் கடஞ்சது இதுவரைக்கும் கெணத்துக்குள்ளதான் போயிருக்குது" என்று சிரித்தார். சொன்ன கூலியில் பாதிதான் வாங்கினார்.

இன்ஜெக்டர் சோதிக்கும் கடை எனக்குப் புதிது. கைப்பிடியை அழுத்த அழுத்த, நாசில் நுனியிலிருந்து டீசல் ஊட்டிப் பனி மாதிரி பறந்தது. சொட்டுச் சொட்டாக விழுந்தால் நாசில் போச்சு என்று அர்த்தம். அங்கே அழுத்தம் சுமார் இருநூறு பார். கார் டயரில் இருப்பதைப்போல் ஏறக்குறைய நூறு மடங்கு. "பார்க்க ஆவியாட்ட இருக்குதுன்னு வெரலை நீட்டிப்போடாதீங்க, தோலைத் தொளச்சிரும்" என்று கடைக்காரர் என் கையைத் தள்ளினார். வீட்டில் இதைச் சோதித்துப் பார்க்க நினைக்கிறவர்கள் கவனிக்க வேண்டியது இது.

திரும்பும் வழியில் ஒரு பேக்கரியில் டீயும் தேங்காய் பன்னும். பிறகு அவிநாசி சாலையில் புதிய மேம்பாலம் ஏறினோம். உப்பிலிபாளையத்திலிருந்து கோல்டுவின்ஸ் வரை பத்து கிலோமீட்டர். 2025 அக்டோபரில் திறந்தார்கள். ஜி.டி. நாயுடு பெயர் வைத்திருக்கிறார்கள்.

"பேரு வெச்சது சரிதான்" என்றார் அப்பா, காற்றில் கத்தி. "வாசல்ல வெச்சு இன்ஜின் பிரிக்கறதுக்கு நமக்கெல்லாம் பெரியப்பன் அவர்தான்."

கலங்கல் கிராமத்தில் 1893-ல் பிறந்த நாயுடு, பள்ளிப் படிப்பைத் தாண்டாதவர். ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் மோட்டார் சைக்கிளைப் பார்த்து மயங்கி, அதை வாங்குவதற்காகவே கோவையில் ஹோட்டலில் வேலை செய்து காசு சேர்த்தார். வாங்கி ஓட்டித் திரியவில்லை. ஒவ்வொரு துண்டாகப் பிரித்து, மறுபடி பூட்டிப் பார்த்தார். 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரு பஸ் விட்டார். 1937-ல் டி. பாலசுந்தரத்துடன் சேர்ந்து அவர் உருவாக்கிய மின் மோட்டாரைத்தான் இந்தியாவில் தயாரான முதல் மோட்டார் என்கிறார்கள். 1974-ல் மறைந்தார். அவிநாசி சாலையிலேயே அவர் பெயர் சொல்லும் கண்காட்சியும் ஜிடி கார் மியூசியமும் இருக்கின்றன. விடுமுறையில் கோவை வந்தால் பிள்ளைகளைக் கூட்டிப்போங்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. 1888-ல் ஸ்டேன்ஸ் துரை ஆரம்பித்த பஞ்சாலைக்குப் பிறகு, இங்கே மில் மேல் மில்லாக வந்தது. மிஷினெல்லாம் சீமையிலிருந்து வந்தவை. உடைந்தால் சாமான் கப்பலில் வர வேண்டும். அதுவரை மில் நிற்க முடியுமா? அந்தச் சாமானை இங்கேயே வார்த்து, இங்கேயே கடைந்து பழகியவர்களின் பேரப்பிள்ளைகள்தான் இந்தச் சந்துகளில் இருக்கிறார்கள்.

செய்தித்தாளில் ஒரு ஈரம்

கிராங்க் வந்தது. புது லைனர், பிஸ்டன், ரிங் செட் வந்தன. மார்ச் மாதம் முடியப்போகிறது. பூட்ட ஆரம்பித்தோம்.

வால்வுகளை நானே தேய்த்தேன். தேய்ப்புப் பசையைத் தடவி, குச்சியில் ஒட்டி, மத்துக் கடைவதுபோல் இரண்டு உள்ளங்கையிலும் உருட்ட வேண்டும். வால்வின் விளிம்பில் சாம்பல் நிறத்தில் சீரான ஒரு வளையம் வந்தால் போதும். பிறகு தலைகீழாக வைத்து மண்ணெண்ணெய் ஊற்றிப் பார்த்தோம், கசியவில்லை.

லைனர் என்பது பிஸ்டன் ஓடும் குழாய். அதன் வெளிப்புறத்தில் தண்ணீர் ஓடும். அந்தத் தண்ணீர் கீழே ஆயிலில் இறங்காமல் தடுப்பது சின்ன ரப்பர் ரிங்குகள். அவை உட்காரும் இடத்தில் ஒட்டியிருந்த துருவை உப்புத்தாளால் நன்றாகத் தேய்க்கச் சொல்லியிருந்தார் அப்பா. முன்பக்கம் தேய்த்தேன். கை நுழையாத பின்பக்கம் சும்மா தடவிவிட்டு, "ஆச்சுங்ப்பா" என்று சொல்லிவிட்டேன்.

லைனரை இறக்கியதும் அவர் சம்பை மாட்டவில்லை. தண்ணீர்ப் பகுதியை நிரப்பி, கீழே பழைய செய்தித்தாளை விரித்துவிட்டுப் படுக்கப் போனார். காலையில் பார்த்தால், தாளில் உள்ளங்கை அகலத்துக்கு ஈரம்.

லைனரை மறுபடி உருவினோம். ரப்பர் ரிங் ஒரு இடத்தில் கிழிந்திருந்தது, நான் தேய்க்காமல் விட்ட துரு முனைக்கு நேராக. எனக்கு அழுகை வந்துவிட்டது. அன்று ஏப்ரல் 2. ரிங் வாங்கி மறுபடி பூட்ட மூன்று நாள் போகும்.

அப்பா திட்டவில்லை. "தண்ணி வாசல்லயே காட்டிக்குடுத்துருச்சு. நடுக்கடல்ல காட்டியிருந்தா அந்தப் பையன் என்ன பண்ணுவான்?" என்றார். அவ்வளவுதான். அந்த ஒரு கேள்விக்காக நான் பின்பக்கத்தை ஒரு மணி நேரம் தேய்த்தேன்.

பிஸ்டன் போடும்போதுதான் அது நடந்தது. ரிங்குகளின் வாய் எல்லாம் ஒரே நேர்கோட்டில் வரக் கூடாது, காற்று தப்பிவிடும். மாற்றி மாற்றி வைக்க வேண்டும். வாயின் இடைவெளி இந்த நாலு அங்குல பிஸ்டனுக்குப் பன்னிரண்டிலிருந்து பதினாறு தௌ. எல்லாம் அளந்து சரிபார்த்து, ரிங்குகளைப் பட்டை போட்டு இறுக்கி, பிஸ்டனை லைனருக்குள் தட்டி இறக்க வேண்டும். சுத்தியலின் மரக் கைப்பிடியை எடுத்த அப்பாவின் கை நடுங்கியது. இரண்டு முறை முயன்றார். பிறகு கைப்பிடியை என்னிடம் நீட்டினார்.

"நீ தட்டு. மெதுவா. ரிங்கு எங்காவது மாட்டுனா சத்தம் மாறும், நிறுத்திக்கோ."

தட்டினேன். ஒரே சத்தம். 'ப்ளக்' என்று உள்ளே இறங்கியது. அவர் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே, "இனி ஹெட்டையும் நீயே பூட்டு" என்றார். ஹெட் நட்டுகளைக் குறுக்கும் மறுக்குமாக, ஒரே மூச்சில் இறுக்காமல் மூன்று சுற்றில் இறுக்கினேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

உப்பு கற்றுக்கொடுத்த பாடம்

கிணற்று இன்ஜினுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தை எழுபத்திரண்டு வயதில் அப்பா புதிதாகக் கற்றுக்கொண்டார். பாம்பன் தம்பி தினமும் ராத்திரி வீடியோ காலில் வருவார்.

இந்த இன்ஜினைக் குளிர்விப்பது நேரடியாகக் கடல் தண்ணீர். அதனால் ரொம்பச் சூடாக ஓடவிட்டால் உப்பு உள்ளே படிந்து வழியை அடைத்துக்கொள்ளும். எங்கள் இன்ஜினில் அப்படிப் பாதி வழி அடைத்திருந்தது. லேசான அமிலக் கரைசலை ஊற்றிக் கரைத்தோம். அடுத்தது ஒரு துத்தநாகத் துண்டு. இரும்பும் பித்தளை வகையும் உப்புத் தண்ணீரில் சேர்ந்து நின்றால் அது ஒரு பேட்டரி. இரும்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். பக்கத்தில் துத்தநாகத்தை வைத்தால் அது முதலில் தன்னைக் கொடுத்து இரும்பைக் காப்பாற்றும். தேயத் தேய மாற்ற வேண்டும். "வீட்டுக்கு மூத்த பையனாட்ட" என்றார் அப்பா.

பம்ப்பில் ரப்பர் இம்பெல்லர் இருந்ததைப் பார்த்து முதலில் நம்பவில்லை. தண்ணீர் இல்லாமல் ஓடினால் அது நொடிகளில் கருகிவிடும்.

ஆனால் ஓர் இடத்தில் மட்டும் தம்பிக்கு அவர் பாடம் எடுத்தார். புரொப்பல்லர் தண்டு படகைத் துளைத்து வெளியே போகும் இடத்தில், தண்ணீர் உள்ளே வராமல் கொழுப்புத் தடவிய கயிற்றைச் சுற்றி இறுக்கியிருப்பார்கள். படகு பழையதாகி ஒழுகியதால் தம்பி அதை முடிந்தவரை இறுக்கி வைத்திருந்தார். தண்டில் பள்ளம் விழுந்ததே அதனால்தான்.

"தம்பி, இது நம்ம பம்புக் கிளாண்டு கயிறு. சொட்டோணும். நிமிஷத்துக்கு நாலஞ்சு சொட்டு விழுந்தாத்தான் தண்டு சூடாகாது. சொட்டே இல்லீன்னா கருகீட்டிருக்குதுன்னு அர்த்தம்."

சிறுவாணித் தண்ணீர் குடித்த இன்ஜின்

ஏப்ரல் 8, மாலை ஐந்து மணி. வாசலில் ஒரு டிரம் நிறையச் சிறுவாணித் தண்ணீர். அதிலிருந்து பம்ப்புக்கு ஹோஸ். டீசல் குழாயில் மாட்டியிருந்த காற்றை ஸ்குரூவைத் தளர்த்தி வெளியேற்றினேன்; குமிழி நின்று டீசல் மட்டும் வரும்வரை. தெருப் பிள்ளைகள் மதில்மேல். பட்டறை பூட்டிவிட்டு வந்த பொற்கொல்லர்கள் நாலைந்து பேர்.

அண்ணன் ஹாண்டிலைப் பிடித்தான். கம்ப்ரெஷன் லீவரைத் தூக்கிவிட்டுச் சுற்ற வேண்டும். வேகம் பிடித்ததும் லீவரை விட வேண்டும். முதல் முறை ஒன்றுமில்லை. இரண்டாவது முறை ஒரே ஒரு இருமல். மூன்றாவது முறை சுற்றினான், அப்பா லீவரை விட்டார்.

டுக்... டுக்... டுக்-டுக்-டுக்.

வெள்ளைப் புகை ஒரு பாட்டம் வந்தது. அப்பா கையைத் தூக்கி எல்லோரையும் பேசாமலிருக்கச் சொன்னார். புகைதான் இன்ஜினின் பேச்சு என்பார். வெள்ளை என்றால் டீசல் எரியாமல் வருகிறது, சூடாக வேண்டும். நீலம் என்றால் ஆயில் எரிகிறது. கறுப்பு என்றால் சுமை அதிகம், காற்று போதவில்லை. வெள்ளை மெலிந்து மெலிந்து, ஐந்து நிமிஷத்தில் கண்ணுக்கே தெரியாமல் போனது.

பிள்ளைகள் கைதட்டினார்கள். பக்கத்துத் தெருவில் மகன் வீட்டில் இருக்கும், பேரூர்ப் பக்கம் தோட்டம் வைத்திருந்த பெரியவர் ஒருவர் சத்தம் கேட்டே தடியூன்றி வந்திருந்தார். "எங்க தோட்டத்துச் சத்தமாட்டவே இருக்குதுங்" என்று சொல்லிவிட்டு, இன்ஜின் நிற்கும்வரை நின்று கேட்டார்.

பாம்பன்

ஹெட்டை மறுபடி இறுக்கி, ஆயில் மாற்றி, ஏப்ரல் 10 ராத்திரி குட்டியானையில் ஏற்றினோம். வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல் அப்பாவும் காரில் கிளம்பினார். தாராபுரம், மதுரை, ராமநாதபுரம். விடியும் நேரத்தில் 1988-ல் திறந்த சாலைப் பாலத்தின் உச்சியில் நின்றோம். பக்கத்தில் 1914-ன் பழைய ரயில் பாலமும், 2025-ல் திறந்த புதிய தூக்குப் பாலமும். கீழே இருபுறமும் இரண்டு நிறத்தில் கடல். நான் படமெடுத்துக்கொண்டிருந்தேன். அப்பா, கரையில் சின்னதாகத் தெரிந்த நாட்டுப்படகுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்ஜினைப் படகில் வைத்துப் போல்ட் போடுவதோடு வேலை முடியாது. இன்ஜினும் தண்டும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். கரையில் சரியாக இருப்பது தண்ணீரில் மாறிவிடும். மிதக்கும்போது படகின் உடம்பு லேசாக வளையும். அதனால் தண்ணீரில் இறக்கிய பிறகு, இணைப்பின் நாலு பக்கமும் ஃபீலர் கேஜ் விட்டுப் பார்த்து, மெல்லிய தகடுகள் வைத்துச் சரி செய்தோம். அப்பா வேட்டியை மடித்துக் கட்டி, வலிக்கிற முழங்காலோடு படகின் அடியில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தார்.

வெள்ளோட்டத்துக்கு அவரையும் ஏற்றிக்கொண்டார்கள். ராமேஸ்வரம் எத்தனையோ தடவை வந்தவர், கடலில் படகேறியது அதுதான் முதல் தடவை. தம்பியின் தகப்பனார், நெஞ்சில் தையல் போட்ட அடையாளத்தோடு, சுக்கான் பிடித்தார். இரண்டு பெரியவர்களும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. அப்பா கடலைப் பார்க்கவே இல்லை. ஹெட் மூடிமேல் உள்ளங்கையை வைத்து, கண்ணைத் தண்டின் கயிற்றுமேல் வைத்திருந்தார். கொஞ்ச நேரம் கழித்து என்னைப் பார்த்து விரலைக் காட்டினார். நாலு விரல். நிமிஷத்துக்கு நாலு சொட்டு.

சித்திரைக் கனியன்று காலை, பழத்தட்டில் கண்ணாடிக்கும் வெற்றிலைக்கும் பக்கத்தில் அப்பாவின் மைக்ரோமீட்டர் இருந்தது. அம்மா இருந்தவரை அவர் நகையை வைக்கும் இடம் அது. நான் ஒன்றும் கேட்கவில்லை.

ஒரு வாரம் கழித்து, பாம்பனிலிருந்து பஸ்ஸில் ஒரு தெர்மாகோல் பெட்டி வந்தது. வாசலில் வைத்துத் திறந்தேன். எதிர்வீட்டு அக்கா மூக்கைச் சுருக்கிக்கொண்டே எட்டிப் பார்த்தார்.

"மறுபடியும் இன்ஜினா கண்ணு?"

"இல்லீங்க்கா, இந்தத் தடவ மீன்தான். பாத்திரம் கொண்டாங்க."